கண்ணாடிக் குடுவைக்குள் 500 சீட்டுகள்

பாதிச் சீட்டுகளில் 'சபாஷ்' மட்டும்தான். 209 சீட்டுகளுக்கு ஒரு டாலர் பெறுமான சின்னப் பொருள், 40-க்கு இருபது டாலர் பொருள். ஒரே ஒரு சீட்டுக்குத்தான் டிவி மாதிரி பெரிய பரிசு. அமெரிக்கப் போதை மீட்பு மையங்கள் சிலவற்றில் வாரம் இரண்டு முறை சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும். சிறுநீரில் கோகெய்ன் போன்ற போதைப்பொருள் இல்லையென்றால் குடுவைக்குள் கையை விட்டுச் சீட்டு எடுக்கலாம். வாரக்கணக்கில் தவறாமல் இருந்தால் எடுக்கும் சீட்டுகளும் கூடும். ஒருமுறை சறுக்கினாலோ சொல்லாமல் வராமல் போனாலோ, மறுபடி ஒன்றிலிருந்துதான்.

சிறுபிள்ளை விளையாட்டு போலத் தெரிகிறதா? போதை தரும் சுகம் அந்த நிமிடமே கிடைத்துவிடும். விட்டொழித்தால் வரும் நன்மையோ, வேலை, வீட்டாரின் நம்பிக்கை என்று மாதக்கணக்கில் தள்ளி நிற்கிறது. அந்த இடைவெளியில் ஒரு சின்ன லாபத்தை உடனே கையில் கொடுப்பதுதான் சூட்சுமம். அதனால்தான் பரிசோதனை முடிவும் அங்கேயே, அப்போதே தெரிந்தாக வேண்டும். மூன்று நாள் கழித்து வரும் பரிசுக்கு அவ்வளவு வேகம் இருக்காது.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஆய்வாளர் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் இதைக் கூப்பன்களாகக் கொடுத்துப் பார்த்தார். பலன் இருந்தது, ஆனால் 12 வாரத்தில் ஒருவருக்கு ஆயிரம் டாலர் வரை போகும். சாதாரண மையத்துக்கு அது எப்படிக் கட்டுப்படியாகும்? செலவைக் குறைக்க உளவியலாளர் நான்சி பெட்ரி கண்டுபிடித்த வழிதான் இந்தக் குலுக்கல்.

சரி, பல்கலைக்கழகத்துக்கு வெளியே எடுபடுமா? ஆய்வாளர்களையும் மையங்களையும் இணைக்க 1999-ல் ஓர் அரசு வலையமைப்பு தொடங்கியது. குடுவையை அது எட்டு மையங்களில் 415 பேரிடம் சோதித்தது. வழக்கமான ஆலோசனை எல்லோருக்கும் உண்டு, குடுவை பாதிப் பேருக்கு மட்டும். 12 வாரமும் சிகிச்சையில் நிலைத்தவர்கள் வழக்கமான குழுவில் 35 சதவீதம், குடுவைக் குழுவில் 49. கொடுத்த சிறுநீர் மாதிரிகளில் எத்தனை சுத்தம் என்று மட்டும் பார்த்தால் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. போதையைத் தொடாமல் தொடர்ந்து இருந்த நாட்களில்தான் வித்தியாசம். எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

'இது லஞ்சம்' என்று முகம் சுளித்த ஆலோசகர்களும் உண்டு. ஆனாலும் 2011-ல் முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனைகளும், 2023-ல் கலிபோர்னியாவின் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டமும் இதே தத்துவத்தைக் கையிலெடுத்தன. கலிபோர்னியாவில் குடுவை இல்லை, பரிசு அட்டை. தொடங்கியபோது வருடத்துக்கு உச்சவரம்பு 599 டாலர். அப்போது 600-ஐத் தொட்டால் வருமான வரிப் படிவம் வந்துவிடும்!