துணி எப்படிக் காயும், டீச்சர்?

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போது, ஒரு மாநிலத்தைப் பற்றிப் பிள்ளைகள் எழுத வேண்டிய ப்ராஜெக்ட்டுக்காக எங்கள் ஊர் ஸ்டேஷனரி கடையில் மாலை நேரத்தில் கூட்டம் நிற்கும். "அஞ்சாம் கிளாஸ், மேகாலயா" என்று சொன்னால் போதும். இணையத்தில் இருந்து இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்து, படங்களை வெட்டி ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவால் தலைப்பு எழுதி, ஸ்டிக் பைலில் போட்டுக் கையில் கொடுத்துவிடுவார்கள். மறுநாள் அந்த பைல் என் மேசைக்கு வரும். பளபளவென்று இருக்கும். "இதுல உனக்குப் பிடிச்ச ஒரு விஷயம் சொல்லு" என்று கேட்டால் பிள்ளை தரையைப் பார்க்கும்.

பதினேழு ஆண்டுகளாகத் தொடக்கப்பள்ளியில் பாடம் எடுக்கிறேன். முதல் சில ஆண்டுகள் நானும் அந்த பைல்களுக்குத்தான் முழு மதிப்பெண் போட்டேன். ஒரு முறை, "இயற்கை எழில் கொஞ்சும் மாநிலம்" என்று எழுதியிருந்த மாணவியை அதன் பொருள் கேட்டேன். "பாப்பாவைக் கொஞ்சுற மாதிரியா டீச்சர்?" என்று திருப்பிக் கேட்டாள். அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. ஆராய்வது எப்படி, எழுதுவது எப்படி என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. தலைப்பை மட்டும் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தேன்.

இப்போது மாநில ப்ராஜெக்ட்டை வகுப்பிலேயே தொடங்குகிறேன். இரண்டு வாரம் ஆகும். போன ஆண்டு ஒரு குழுவுக்கு மேகாலயா வந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் நாள் புத்தகம், போன் எதுவும் கிடையாது. பெயரை மட்டும் பலகையில் எழுதினேன். மேகம், ஆலயம் என்று பிரித்துப் படித்தது ஒரு பையன்தான். "மேகத்தோட வீடா டீச்சர்?" என்றான். பொருள் அவ்வளவுதான். உடனே கேள்விகள் வர ஆரம்பித்தன. அங்கே எப்போதும் மழை பெய்யுமா? பள்ளிக்கூடம் லீவு விடுவார்களா? பின் வரிசையில் ஒரு சிறுமி மெதுவாகக் கேட்டாள்: "அப்போ துணி எப்படிக் காயும், டீச்சர்?" எல்லாவற்றையும் எழுதி வைத்தோம். தலைநகரம், பரப்பளவு, மக்கள்தொகை என்ற வழக்கமான பட்டியலும் வேண்டும்தான். ஆனால் பிள்ளை தேடிப் போவது தன் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளத்தான். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் கண்ணில் படுவதையெல்லாம் அப்படியே எழுதி வைக்கும்.

இரண்டாம் நாள் அட்லஸ். வடக்கிலும் கிழக்கிலும் அசாம், தெற்கிலும் மேற்கிலும் வங்கதேசம். மழைக் கேள்விக்குப் பாதி விடை இந்த வரைபடத்திலேயே இருக்கிறது. வங்காள விரிகுடாவில் ஈரத்தைச் சுமந்து கிளம்பும் காற்று, வங்கதேசத்தின் தட்டையான சமவெளியைத் தாண்டி வந்ததும் செங்குத்தாக நிற்கும் காசிக் குன்றுகளில் மோதி மேலே ஏறுகிறது. மேலே ஏறினால் குளிரும், குளிர்ந்தால் மழையாகக் கொட்டும். விரலால் அந்த வழியை இழுத்துக் காட்டிய பிறகு பிள்ளைகள் அதை மறப்பதில்லை. காசி என்றதும் வாரணாசி என்று நினைத்து, கங்கைப் படித்துறைப் படத்தை ஒட்டிய பைலையும் நான் பார்த்திருக்கிறேன். தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து, பிள்ளை குழம்பத்தான் செய்யும். காசி, காரோ, ஜெயந்தியா என்று மூன்று மலைகளின் பெயரையும் அட்லஸில் விரல் வைத்துப் படிக்க வைத்தால் அந்தக் குழப்பம் தீரும்.

அப்புறம் எண்கள். மேகாலயாவில் உள்ள மௌசின்ராம் என்ற ஊரில் ஓராண்டுக்குச் சராசரியாக 11,800 மில்லிமீட்டருக்கு மேல் மழை. இது பத்து வயதுப் பிள்ளைக்கு வெறும் எண்தான். சென்னையில் ஓராண்டு மழை ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஒருத்தியைச் சுவரோடு நிற்க வைத்து, "இது சென்னை மழை" என்றேன். பிறகு கயிற்றை அளந்து வராந்தாவில் நீட்டிப் போட்டோம். மௌசின்ராம் மழைக்குக் கயிறு பன்னிரண்டு மீட்டரை நெருங்கியது. எட்டுப் பிள்ளைகள் ஒருவர் தலைமேல் ஒருவர் நிற்கும் உயரம் என்று அவர்களே கணக்குப் போட்டார்கள். அறிக்கையிலும் அப்படியே எழுதினார்கள்.

குறிப்பு எடுக்கத் தினசரி காலண்டர் தாள்கள்தான். கிழித்த தாள்களைத் தூக்கிப் போடாமல் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்வேன். பின்பக்கம் வெள்ளையாக இருக்கும். ஒரு தாளில் ஒரே ஒரு செய்தி, கீழே அது எங்கிருந்து கிடைத்தது. எழுதும் விதத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. மூன்று நான்கு வரி படி, புத்தகத்தை மூடு, பக்கத்தில் இருப்பவனிடம் சொல், பிறகு எழுது. மூடிவிட்டால் பார்த்து எழுத முடியாது. சொல்லிப் பார்த்ததால் சொந்தப் பேச்சு வந்துவிடுகிறது. போனில் தேடினாலும் இதே முறைதான். திரையை அணைத்த பிறகே பேனாவை எடுக்க வேண்டும். கேள்வி கேட்டால் முழுக் கட்டுரையையே எழுதிக் கொடுக்கும் செயலிகள் இப்போது எல்லா வீட்டுப் போனிலும் வந்துவிட்டதால், இந்த ஒரு பழக்கத்தில் நான் துளியும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூன்றாம் நாள் பெரிய சண்டை. மேகாலயாவில் எத்தனை மாவட்டங்கள்? ஒருவன் தாளில் 7, இன்னொருத்தி தாளில் 11, மூன்றாவது தாளில் 12. "அவன் தப்பு டீச்சர்" என்று மூன்று பேரும் மாறி மாறிச் சொன்னார்கள். உடனே விடையைச் சொல்லாமல், அந்தப் புத்தகங்கள் எந்த ஆண்டு அச்சானவை என்று பார்க்கச் சொன்னேன். 2012 வரை ஏழு மாவட்டங்கள். அந்த ஆண்டு நான்கு புதிதாக வந்து பதினொன்று ஆயின. 2021 நவம்பரில் கிழக்கு மேற்குக் காசி மலை மாவட்டம் உருவாகிப் பன்னிரண்டு. மூன்று பேருமே அவரவர் புத்தகத்தில் இருந்ததைச் சரியாகத்தான் எழுதியிருந்தார்கள். அன்றிலிருந்து எந்த எண்ணுக்குப் பக்கத்திலும் ஆண்டை எழுதுவது எங்கள் வகுப்பு வழக்கம். மக்கள்தொகை கிட்டத்தட்ட 30 லட்சம் என்று நிறுத்தாமல், 2011 கணக்கெடுப்புப்படி என்றும் சேர்த்து எழுதினார்கள்.

வேர்ப் பாலம் இல்லாமல் மேகாலயா பைல் வராது. கடையில் வாங்கும் படத்தின் கீழே "ரப்பர் மர வேர்களால் ஆனது" என்று இருக்கும். பிள்ளைகள் கன்னியாகுமரி ரப்பர் தோட்டத்தை நினைத்துக்கொள்கிறார்கள். அந்த மரம் வேறு. இது ஆலமரத்தின் உறவு. நாம் வாசலில் தொட்டியில் வளர்க்கும் ரப்பர் செடி இதே இனம்தான். அதன் விழுதுகளை, குடைந்த பாக்கு மரத் தண்டுகளின் வழியே ஓடையின் அக்கரைக்கு நடத்திக் கொண்டுபோய் மண்ணில் ஊன்ற விடுகிறார்கள். ஆள் நடக்கிற அளவுக்குப் பலமாகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகும். ஆல விழுதில் ஊஞ்சலாடிய பிள்ளைக்கு இது சட்டென்று புரிகிறது.

வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு செய்தி கேட்டு வரச் சொல்வேன். மழையில் வயல் வேலை செய்யும் காசி மலைப் பெண்கள், மூங்கிலும் இலையும் வைத்துப் பின்னிய 'க்னுப்' என்ற கூடு போன்ற ஒன்றைத் தலையில் இருந்து முதுகு வரை கவிழ்த்துக்கொள்வார்கள். குடையைப் பிடிக்க வேண்டாம், இரண்டு கையும் நாற்று நட இருக்கும். அந்தப் படத்தைப் பார்த்த ஒரு பாட்டி, "நாங்க சாக்கை மடிச்சுக் கொங்காணி போட்டுக்கிட்டு நட்டோமே, அது மாதிரி" என்றாராம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி சொன்னதைப் பேத்தி காலண்டர் தாளில் எழுதி, கீழே "சொன்னது: என் அப்பாயி" என்று போட்டிருந்தாள். நான் பார்த்ததிலேயே நேர்மையான ஆதாரக் குறிப்பு அதுதான்.

ஒரு இடத்தில் மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும். காசி மக்களிடையே பிள்ளை தாயின் குலப்பெயரை ஏற்கிறது, குடும்ப வீடு கடைசி மகளுக்குப் போகிறது. வகுப்பில் சிலர் சிரித்தார்கள். ஒருவன் "அங்கே பெண்கள் ஆட்சி" என்றே எழுதிவிட்டான். ஊர் சபையான தர்பாரில் மரபாக ஆண்களே அமர்ந்தார்கள் என்பதையும் அவனோடு சேர்ந்து படித்தேன். எழுதியதை அவனே அடித்துவிட்டு, "அம்மா வழியில் பெயரும் வீடும் வரும்" என்று மாற்றினான். நம் வழக்கமும் அவர்களுக்கு இப்படித்தான் புதிதாக இருக்கும் என்று ஒரு சிறுமி சொன்னதும் சிரிப்பு அடங்கியது.

தாள்கள் சேர்ந்ததும் தரையில் பரப்பி, ஒத்தவற்றை ஒன்றாக அடுக்குவோம். ஒவ்வொரு அடுக்கும் ஒரு பத்தி. எந்த அடுக்கு முதலில் வர வேண்டும் என்று அவர்களே முடிவு செய்யட்டும். எழுத்துப்பிழையைக் கடைசியில்தான் தொடுவேன், அதுவும் பென்சிலால். முதல் பத்தியிலேயே சிவப்பு மை விழுந்தால் பிள்ளை மறுபடி கடையைத்தான் தேடும்.

பெற்றோரிடம் நான் கேட்பது மிகக் குறைவு. தெரியாத சொல்லுக்குப் பொருள் சொல்லுங்கள், நூலகத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போங்கள், எழுதி முடித்ததும் உட்கார்ந்து கேளுங்கள். பேனாவை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அம்மாவின் அழகான கையெழுத்து எனக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்தப் பிள்ளையை அதற்காகத் திட்டவும் எனக்கு மனம் வராது.

மழை பற்றிய பத்தியை, துணி எப்படிக் காயும் என்று கேட்ட சிறுமிதான் எழுதினாள். ஆண்டு முழுவதும் மழை என்று முதலில் எழுதியவள், ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் அதில் பெரும்பகுதி கொட்டுகிறது என்று படித்துத் திருத்தினாள். சிரபுஞ்சியில் குளிர்காலத்தில் குடிநீருக்கு மக்கள் நடந்து போகிறார்கள், பெய்த மழை சரிவில் ஓடிச் சமவெளிக்குப் போய்விடுகிறது என்று தெரிந்ததும் நம்ப முடியாமல் என்னிடம் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். அந்த ஊரை மக்கள் சோரா என்றுதான் அழைக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டாள்.

துணிக்கு மட்டும் எந்தப் புத்தகத்திலும் விடை கிடைக்கவில்லை. எங்கள் அறிக்கைகளில் கடைசிப் பக்கம் "இன்னும் கண்டுபிடிக்க வேண்டியவை" என்று இருக்கும். அதற்கும் மதிப்பெண் உண்டு. அங்கே அவள் தன் கேள்வியை எழுதி வைத்தாள். அந்த நோட்டு இப்போது வகுப்பு அலமாரியில் இருக்கிறது. இந்த ஆண்டு அசாம் எடுத்திருக்கும் குழு அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தங்கள் கேள்விப் பட்டியலில் முதல் வரியாக அதையே எழுதியிருக்கிறது.