குடிக்கிற தண்ணீரில் வளரும் நுளம்பு

மன்னாரில் ஒரு வீட்டுக் கிணற்றடியில் நின்று, கைக்கண்ணாடியால் வெயிலைக் கிணற்றுக்குள் திருப்பித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கார அம்மா பின்னால் வந்து நின்றார். "தம்பி, சிரட்டை, ரயர் எல்லாம் அள்ளிக் குடுத்தாச்சு. வளவு துப்பரவா இருக்கு. கிணத்துக்குள்ள என்ன பாக்கிறியள்? அது நாங்கள் குடிக்கிற தண்ணி."

வளவு உண்மையிலேயே துப்பரவாகத்தான் இருந்தது. வாளியை மெதுவாக இறக்கி, விளிம்பைச் சரித்து, மேல் தண்ணீரை மட்டும் அள்ளி வெள்ளைத் தட்டில் ஊற்றினேன். மெல்லிய ஈர்க்குத் துண்டுகள் போல ஐந்தாறு குடம்பிகள், அதாவது நுளம்பின் புழுக்கள், நீரின் மேற்பரப்போடு ஒட்டிக் கிடையாகக் கிடந்தன. டெங்கு நுளம்பின் குடம்பிக்கு வால் பக்கம் ஒரு சுவாசக் குழாய் இருக்கும். அந்தக் குழாயை மேலே வைத்துத் தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இனத்துக்கு அந்தக் குழாய் இல்லை, அதனால் கிடையாகவே கிடக்கும். வெறுங்கண்ணால் பார்த்தே யாரும் பிரித்தறியலாம். தட்டை அந்த அம்மாவிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை.

வடக்கில் பூச்சியியல் வேலை செய்கிறவன் நான். டெங்கு வந்த பிறகு எங்கள் சனத்துக்கு நுளம்பு என்றால் குப்பை, சிரட்டை, பழைய ரயர், பூச்சாடித் தட்டு என்றுதான் நினைவுக்கு வருகிறது. அப்படிச் சொல்லிக்கொடுத்ததும் நாங்கள்தான், அதில் பிழையும் இல்லை. ஆனால் இப்போது வந்திருக்கும் நுளம்பு குப்பையைத் தேடி வரவில்லை. நாம் பாதுகாத்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரைத் தேடி வந்திருக்கிறது.

இலங்கையில் உள்ளூரில் தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். நான்கு வருடம் கழித்து, 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றிதழ் கொடுத்தது. அதே வருடம் டிசெம்பரில், மன்னாரில் வழமையான ஆய்வின்போது இந்த நாட்டில் அதுவரை பதிவாகாத ஒரு நுளம்பு கிடைத்தது. பெயர் அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சான்றிதழுக்கும் இதற்கும் இடையில் மூன்று மாதம்தான்.

1901இல் லிஸ்டன் என்பவர் விவரித்த இனம் இது. இந்தியாவுக்கு இது பழைய ஆள். சென்னை போன்ற நகரங்களில் மலேரியா நீடித்ததற்கு, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் வளரும் இந்த நுளம்பே காரணம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல் மட்டுமே. அவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை காலம் நம் பக்கம் பதிவாகாமல் இருந்ததுதான் எனக்கு இன்றைக்கும் வியப்பு.

நம் நாட்டில் மலேரியாவைப் பரப்பிய பழைய நுளம்பு வேறு. அனோபிலிஸ் கியூலிசிஃபேசீஸ் என்ற அது, ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகளிலும், மாணிக்கக் குழிகளிலும், கைவிட்ட கிணறுகளிலும் வளர்வது. ஆற்றோரம், காட்டோரம், கிராமம் என்பதுதான் அதன் உலகம். அரசின் மலேரியா தடை இயக்கத்தில் மூத்தவர்கள் எங்களுக்குப் பழக்கிவிட்டதும் அதைத்தான்: மழை பொய்த்தால் ஆற்றங்கரைக்குப் போ. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. கிணறு மட்டும் வீட்டுக்கு ஒன்று இருக்கிறது. போருக்குப் பிறகு எழும்பிய வீடுகளின் கூரைமேல் பிளாஸ்ரிக் தாங்கிகள் இருக்கின்றன. கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் கொங்கிறீட்டை நனைக்கத் தண்ணீர் நிரப்பிய சீமெந்துத் தொட்டிகள் இருக்கின்றன. ஸ்டீபன்சிக்கு வேறென்ன வேண்டும்? மன்னாருக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலும் அது கண்டுபிடிக்கப்பட்டது.

இந்த நுளம்பு ஒரு புது ஊருக்குள் நுழைந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஜிபூட்டியைப் பார்க்க வேண்டும். ஆபிரிக்காவின் கொம்பில், செங்கடல் வாசலில் இருக்கும் சின்ன நாடு. 2012இல் அங்கே பதிவான மலேரியா நோயாளிகள் வெறும் 27 பேர். இலங்கையைப் போலவே ஒழிப்பின் வாசலில் நின்ற நாடு அது. அந்த வருடம்தான் ஸ்டீபன்சி அங்கே முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. 2020இல் நோயாளிகள் 73,000ஐத் தாண்டினார்கள். பக்கத்து எதியோப்பியாவில் 2016இல் கண்டார்கள். அங்குள்ள டிரே தாவா நகரில் 2022இல் மலேரியா கிளம்பியது வறண்ட காலத்தில். ஆபிரிக்காவில் மலேரியா மழைக்காலத்தோடு வரும் கிராமத்து நோய் என்றிருந்த கணக்கை இது மாற்றிவிட்டது. மழை இல்லாத காலத்தில்தானே வீட்டில் தண்ணீர் சேர்த்து வைக்கிறோம். சூடான், சோமாலியா, நைஜீரியா, கானா, கென்யா என்று பிறகு அது கண்டத்தின் பல நாடுகளில் தலைகாட்டியது.

"இங்கே மலேரியாவே இல்லையே, நுளம்பு இருந்தால் என்ன?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கிருமி இல்லாத இடத்தில் நுளம்பு கடித்தால் தடிப்பு மட்டும்தான். ஆனால் இந்தக் கேள்வியை இந்த நாடு ஏற்கெனவே ஒரு தடவை கேட்டுவிட்டு அசந்திருந்தது. 1946இல் டிடிரி என்ற பூச்சிகொல்லியைத் தெளிக்கத் தொடங்கி, 1963இல் நாடு முழுக்க 17 நோயாளிகள் என்ற நிலைக்கு வந்தோம். தெளிப்பைக் குறைத்தோம், கண்காணிப்பும் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் ஐந்து இலட்சத்தைத் தாண்டினார்கள். ஆறே ஆறு வருடம்.

அதற்கும் முன்னே, 1934-35 கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். மழை பொய்த்து ஆறுகள் குட்டை குட்டையாகிய காலம் அது. அதிகம் அடிபட்டது, வழமையாக மலேரியா குறைவான, மழை கூடிய ஈரவலயத்தின் ஓரம். அங்கிருந்த சனத்தின் உடம்புக்கு அந்தக் கிருமி பழக்கமில்லை. இன்றைக்கு இலங்கை முழுவதுமே அப்படித்தான். 2012க்குப் பிறகு பிறந்த ஒரு பிள்ளைக்கும் இந்த மண்ணில் மலேரியா தொற்றியதில்லை. அதில் எனக்குப் பெரிய சந்தோசம். அதே நேரத்தில் என் பயமும் அதுதான்.

எனக்கு மலேரியா வந்திருக்கிறது. 1996, வன்னியில் இடம்பெயர்ந்திருந்த காலம். தறப்பாள் கொட்டிலுக்குள் நான் குளிரில் நடுங்க, அம்மா இருந்த சேலை எல்லாவற்றையும் என் மேல் போட்டு, அதற்கு மேல் சாக்கும் போட்டார். பல்லுக் கிட்டிக்கும். பிறகு நெருப்புக் காய்ச்சல், பிறகு வேர்வை, பிறகு ஒன்றுமே நடக்காதது போல எழும்பி விளையாடுவேன். ஒருநாள் விட்டு மறுபடி அதே நேரத்துக்கு நடுக்கம் வரும். குளோரோகுயின் குளிசையின் கசப்பு இன்றைக்கும் நாக்கில் இருக்கிறது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இப்போதைய இளம் வைத்தியர்களில் பலர் ஒரு மலேரியா நோயாளியைக் கூட நேரில் கண்டதில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. நோயை ஒழித்த நாட்டில் அப்படித்தான் இருக்கும்.

ஆபிரிக்க நாடொன்றில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும். வந்து இரண்டாம் கிழமை காய்ச்சல். தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில் டெங்கு என்று இரண்டு தடவை இரத்தம் பார்த்தார்கள். இல்லை என்று வர, பனடோலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்கே போய் வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆறாம் நாள் ஒரு மூத்த தாதி கேட்ட பிறகுதான் மலேரியாவுக்கு இரத்தம் எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த ஆறு நாளும் அவர் நுளம்பு வலை இல்லாமல்தான் படுத்திருந்தார். அவர் வீட்டுக் கிணற்றில் ஸ்டீபன்சி இருந்திருந்தால்?

இது வெறும் கற்பனைப் பயம் அல்ல. 2018 டிசெம்பரில் மொனராகலையில் வெளிநாட்டுத் தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூர்க்காரர் ஒருவருக்கு மலேரியா தொற்றியது. உடனே கண்டுபிடித்ததால் அதோடு நின்றது.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் கூரைமேல் தாங்கிக்கு ஏறிப் பாருங்கள். மூடி இருக்கிறதா என்பது மட்டும் போதாது, பொருந்தி இருக்கிறதா என்று பாருங்கள். காற்றில் போன மூடிக்குப் பதிலாகத் தகரத் துண்டும் அதன்மேல் ஒரு கல்லும் வைத்த தாங்கிகள் நான் ஏறிய வீடுகளில் ஏராளம். அந்த இடுக்கு நுளம்புக்குப் பெரிய வாசல். மேலதிகத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாயையும் மறக்க வேண்டாம், அதற்கு நுண்ணிய வலை கட்ட வேண்டும். டெங்கு நுளம்பும் இதே தாங்கியில் முட்டையிடும். ஆகவே ஒரு மூடி இரண்டு நோய்க்குக் காவல்.

சீமெந்துத் தொட்டி, பீப்பாய் போன்றவற்றைக் கிழமைக்கு ஒருநாள் முற்றாக வெறுமையாக்கித் தேய்த்துக் கழுவுங்கள். நம் வெயிலுக்கு முட்டை நுளம்பாக எட்டுப் பத்து நாள் போதும். கிழமைக்கு ஒரு தடவை கழுவினால் பறப்பதற்குள் முடித்துவிடலாம். வீடு கட்டுகிறவர்கள் மேசனோடு பேசி, இரவில் தொட்டியை மூடச் சொல்லுங்கள்.

கிணறுதான் சிக்கல். குடிக்கிற கிணற்றைக் கழுவி ஊற்ற முடியாது. வலை போட்டு மூடலாம், ஆனால் வாளி கட்டி அள்ளுகிற வீட்டில் அந்த வலை ஒரு மாதம் தாங்காது. அதற்குத்தான் கப்பி என்ற சின்ன மீன். ஒரு கிணற்றுக்குள் சில மீன்கள் விட்டால் அவை பெருகிக் குடம்பிகளைத் தின்று தீர்க்கும். உவர்த் தண்ணீரையும் ஓரளவு தாங்கும். நாங்கள் விட்டுவிட்டு வருவோம், மூன்று மாதம் கழித்துப் போனால் மீன் இருக்காது. கேட்டால் பதில் ஒன்றுதான்: கிணறு இறைத்தோம், குளோரின் போட்டோம். இரண்டும் நல்ல வேலைதான். இறைக்க முதல் நாலு மீனை ஒரு வாளியில் பிடித்து வைத்து, குளோரின் வாடை போன பிறகு திரும்ப விடுங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன். மீன் தண்ணீரை அழுக்காக்கும் என்ற அருவருப்பு எனக்கும் புரிகிறது. முடிந்தால் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், மீன் இருக்கட்டும்.

புகை அடிக்க வரச்சொல்லி அடிக்கடி கேட்கிறார்கள். புகை பறக்கிற நுளம்பைத்தான் கொல்லும், கிணற்றுக்குள் கிடக்கும் குடம்பியை அது தொடாது. அதோடு வடக்கில் சோதித்த ஸ்டீபன்சிகள் பழக்கமான பூச்சிகொல்லிகள் பலவற்றை ஏற்கெனவே தாங்கப் பழகியிருக்கின்றன.

அப்புறம் பயணம். ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போகிறவர்கள், போவதற்கு முன் மலேரியா தடை இயக்கத்தோடு பேசுங்கள். போகும் இடத்துக்குத் தடுப்பு மருந்து தேவை என்றால் இலவசமாகவே தருவார்கள். வந்த பிறகு காய்ச்சல் வந்தால், வைத்தியர் கேட்காவிட்டாலும் "நான் இந்த நாட்டுக்குப் போய் வந்தேன், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள்" என்று நீங்களே சொல்லுங்கள். முதல் பரிசோதனையில் கிருமி தெரியாமல் போகலாம். காய்ச்சல் விடாவிட்டால் திரும்பவும் எடுக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் பரவலாகக் காணப்படும் வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி வகை ஈரலில் பல மாதம் ஒளிந்திருந்து கிளம்பும். ஆகவே வந்து எட்டு மாதம் ஆகிவிட்டது என்றாலும் அந்தப் பயணத்தைச் சொல்லுங்கள். உறுதியானால் மருந்தைச் சொன்ன நாள் முழுவதும் குடித்து முடியுங்கள், குணமாகும் வரை வலைக்குள் படுங்கள்.