முதல் வாய்ப்பு சரி, அடுத்த போன் வருமா?

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு படப்பிடிப்பு. வங்கிக் காவலாளி வேடம், இரண்டு நாள் வேலை, நாலு வசனம். ஆடிஷனுக்கு வந்தவர்களில் அந்தத் தம்பியைத் தேர்ந்தெடுத்தது நான்தான். முகத்தில் தானாகவே ஓர் அலுப்பு இருந்தது. வசனத்தை ஒப்பிக்காமல் தனக்குள் முனகுவதுபோலச் சொன்னார், அது எனக்குப் பிடித்துப்போனது.

காட்சி முழுவதையும் அகலமாக எடுக்கும் மாஸ்டர் ஷாட்டில் டீ டம்ளரை வலது கையில் வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, "மேனேஜர் இன்னும் வரல சார்" என்றார். முதல் டேக்கிலேயே ஓகே. லைட்டை மாற்றிவிட்டு அதே காட்சிக்கு க்ளோஸ், அதாவது முகத்துக்கு நெருக்கமான ஷாட், வைத்தார்கள். அதில் டம்ளர் இடது கைக்குப் போயிருந்தது, மாஸ்டரோடு ஒட்டாது. ஒன் மோர். பதற்றத்தில் வசனத்தை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் குடித்தார். ஒன் மோர். அடுத்ததில் கை சரி, குடித்தது சரி, வசனம் மறந்துவிட்டது. ஏழாவது டேக்கில் முடிந்தபோது எதிரே நின்ற சீனியர் நடிகர் வாட்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாரும் திட்டவில்லை. "பரவால்ல தம்பி, நல்லா பண்ணீங்க" என்று தோளைத் தட்டித்தான் அனுப்பினார்கள். அந்த யூனிட்டிலிருந்து அதன் பிறகு அவருக்கு ஒரு போன்கூடப் போகவில்லை. காரணமும் அவருக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் வேண்டாம் என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, போன் வராது, அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருடமாக நடிகர் தேர்வு வேலையில் இருக்கிறேன். அதற்கு முன் நானும் நடிக்க வந்தவன்தான். ஒரு படத்தில் ஒரே காட்சி, அதையும் எடிட்டிங்கில் தூக்கிவிட்டார்கள். சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம். என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது முதல் வாய்ப்பு எப்படிக் கிடைக்கும் என்றுதான். முதல் வாய்ப்பு யாருக்கோ எப்படியோ கிடைத்துவிடுகிறது. மூன்றாவது, நான்காவது படத்துக்குக் கூப்பிடுவார்களா என்பதில்தான் பிழைப்பே இருக்கிறது. அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

முதலில், பெயர்களை நாங்கள் எங்கிருந்து எடுக்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். டைரக்டர் கேரக்டர்களைச் சொன்னதும் பொது அறிவிப்பு கொடுத்துவிடுவோம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது கடைசியில்தான். முதலில் எங்கள் எக்செல் ஷீட்டைத் திறப்போம். அடுத்து, தெரிந்த நாடகக் குழுக்களுக்குப் போன் போகும். அதற்கும் அடுத்து, கோ-டைரக்டர்களும் அசோசியேட்களும் தங்கள் முந்தைய படங்களிலிருந்து பெயர் சொல்வார்கள்: "அந்தப் படத்துல பால்காரரா வந்தாரே, அவர் தொந்தரவு இல்லாத ஆளு, கூப்பிடு." சின்ன வேடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். ஆக, செட்டில் உங்கள் விதியை எழுதுகிறவர் டைரக்டர் மட்டும் இல்லை. வெயிலில் க்ளாப் போர்டோடு ஓடிக்கொண்டிருக்கும் உதவி இயக்குநரும்தான். இரண்டு படம் தள்ளி அவரே டைரக்டராக உட்கார்ந்திருப்பார்.

விஜய் சேதுபதியின் கதையை எல்லாரும் உழைப்புக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள். சென்னையின் கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கெழுதினார், கூட்டத்தில் ஒருவராக நின்றார், 2010-இல் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில் நாயகனானார். எல்லாம் உண்மை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் காலத்தில் அவர் குறும்படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' குறும்படப் போட்டி நிகழ்ச்சிக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த இளைஞர்களில் கார்த்திக் சுப்புராஜும் ஒருவர். அவர் 2012-இல் முதல் படமாக 'பீட்சா' எடுத்தபோது நாயகன் விஜய் சேதுபதிதான். தன் வயதுக்காரர்களோடு, அவர்களும் ஒன்றும் இல்லாதிருந்தபோதே சேர்ந்து வேலை செய்ததன் பலன் அது. இன்றைக்கும் பெரிய டைரக்டரின் ஆபீஸ் வாசலில் மூன்று மாதம் நிற்பதைவிட, உங்கள் தெருவில் குறும்படம் எடுக்கிற பையனுக்கு ஒழுங்காக நடித்துக்கொடுப்பது நல்லது என்பேன். ஒரு நிபந்தனை: படம் முடிந்ததும் உங்கள் காட்சிகளின் காப்பியை வாங்கிவிடுங்கள். பிறகு தருகிறேன் என்றால் பெரும்பாலும் வராது.

அடுத்தது, நீங்கள் எங்களுக்கு அனுப்புவது. 30,000 ரூபாய் கொடுத்து எடுத்த போட்டோ ஆல்பம் எனக்குத் தேவையே இல்லை. கூலிங் கிளாஸ், பைக், பின்னால் புகை, இதில் உங்கள் முகம் எங்கே? பகல் வெளிச்சத்தில், பில்டர் இல்லாமல், நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முழு உயரத்தில் ஒன்று. தாடி வைத்திருந்தால் தாடி இல்லாத பழைய படமும் ஒன்று. உயரம், வயது, பேசத் தெரிந்த மொழிகள், சொந்த ஊர். சொந்த ஊரை நிறையப் பேர் எழுதுவதே இல்லை. எனக்கு அதுதான் தங்கம். சங்கரன்கோவில் பக்கத்துப் பேச்சு இயல்பாக வருகிற ஐம்பது வயது அம்மா வேண்டும் என்று டைரக்டர் கேட்கும்போது, "தமிழ் தெரியும்" என்ற வரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஒரு நிமிட அறிமுக வீடியோவில் ரஜினி வசனம், வடிவேலு குரல் எல்லாம் வேண்டாம். அவர்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டில் கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோன அன்று நடந்ததை உங்கள் ஊர்ப் பேச்சில் சொல்லுங்கள், போதும். காட்சி அனுப்பி நடித்துக்காட்டச் சொன்னால், எதிர் வசனம் படிக்கிறவர் கேமராவுக்குப் பக்கத்தில் உட்காரட்டும், உங்கள் லுக் அவர்மேல் இருக்கட்டும். லென்ஸைப் பார்த்துப் பேசினால் செய்தி வாசிப்பதுபோல் இருக்கிறது. அப்புறம், ஃபைலுக்கு உங்கள் பெயரையும் போன் நம்பரையும் வையுங்கள். போன மாதம் ஒரு வேடத்துக்கு 212 வீடியோ வந்தது. நூற்றுக்கும் மேற்பட்டவை வெறும் எண்களாக டவுன்லோட் ஆகி நின்றன. நன்றாக நடித்த ஒரு பெண்ணின் நம்பரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது. எல்லா நாளும் அப்படி மெனக்கெட முடியாது.

தெரியாததைத் தெரியும் என்று எழுதாதீர்கள். புல்லட் ஓட்டுவேன் என்று எழுதியிருந்த ஒருவரை நம்பி ஒரு கிராமத்துச் சாலைக் காட்சி வைத்தோம். ஸ்டாண்டை எடுத்த உடனே வண்டி அவர்மேல் சாய்ந்தது. கணுக்கால் எலும்பில் விரிசல். அவருக்கும் வலி, எனக்கும் கெட்ட பெயர். "ஓட்டத் தெரியாது, பத்து நாள் கொடுத்தால் கற்றுக்கொள்கிறேன்" என்று சொன்னவரை யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் பார்த்ததில்லை.

பயிற்சி வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டும். மூன்று மாதத்தில் நடிப்பு, நான்காவது மாதம் வாய்ப்பு என்று விளம்பரம் செய்கிற இடத்தில் மட்டும் வேண்டாம். வாய்ப்பு வாங்கித் தருவதாகச் சொல்லும் வகுப்பில் நடிப்பு இருக்காது என்பது என் அனுபவம். ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறையிலிருந்து பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் என்று எத்தனை பேர் வந்தார்கள் பாருங்கள். வருடக்கணக்கில் உடம்பையும் குரலையும் பழக்கியவர்கள். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது, ஆரோவில் அருகே ஆதிசக்தி நாடகக் குழு இருக்கிறது, டெல்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. எங்கும் போக முடியாதவர்கள் தங்கள் ஊரில் நாடகமோ வீதி நாடகமோ போடுகிற குழுவில் ஒரு வருடம் இருந்தாலே வித்தியாசம் தெரியும். ஆனால் மேடை சொல்லித்தராத ஒன்று உண்டு, அதுதான் ஆரம்பத்தில் சொன்ன டம்ளர். ஒரே காட்சியை மாஸ்டர், சஜஷன் (எதிரே நிற்பவரின் தோளுக்குப் பின்னாலிருந்து எடுப்பது), க்ளோஸ் என்று ஐந்தாறு தடவை எடுப்பார்கள். எந்த வார்த்தையில் எந்தக் கை எங்கே இருந்தது என்பது உடம்புக்கு நினைவிருக்க வேண்டும். வீட்டில் போனை நிறுத்திவைத்து, சாப்பிட்டுக்கொண்டே ஒரு வசனத்தை நான்கு தடவை பேசிப் பாருங்கள். நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

இனி பணம். இதில்தான் அதிகம் பேர் அடிபடுகிறார்கள். ஆடிஷனுக்குக் கட்டணம், பதிவுக் கட்டணம், காஸ்ட்யூம் டெபாசிட், "ஆர்ட்டிஸ்ட் கார்டு", எந்தப் பெயரில் கேட்டாலும் அது மோசடிதான். வேடம் கொடுக்கிறவர் உங்களுக்குப் பணம் தர வேண்டியவர், உங்களிடம் வாங்க வேண்டியவர் இல்லை. தாம்பரம் பக்கத்திலிருந்து வந்த ஒரு தங்கை, பெரிய படத்தில் நாயகிக்குத் தங்கை வேடம் என்று நம்பி 45,000 ரூபாய் அனுப்பியிருந்தார். கொடுமை என்னவென்றால், அவர்கள் பயன்படுத்தியது என் பெயரையும் என் போட்டோவையும். பணம் போன உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்குச் சொல்லியிருந்தால் நிறுத்திவைக்க வழி இருந்திருக்கும். அவர் வெட்கப்பட்டு மூன்று வாரம் கழித்துத்தான் வீட்டிலேயே சொன்னார். யாராவது என் பெயரையோ வேறு காஸ்டிங் ஆளின் பெயரையோ சொல்லிப் பேசினால், அந்தத் தயாரிப்பு நிறுவனத்தின் ஆபீஸ் நம்பரை நீங்களே தேடிப் போன் செய்து கேளுங்கள். கேட்டதற்காக எந்த நல்ல கம்பெனியும் கோபித்துக்கொள்ளாது.

ஆடிஷன் பகலில், ஆபீஸில், நாலு பேர் இருக்கிற இடத்தில் நடக்கும். இரவில் ஹோட்டல் அறைக்கு வரச் சொன்னால் போகாதீர்கள், போகாததால் வாய்ப்பு போகிறதென்றால் போகட்டும். துணைக்கு ஒருவரை அழைத்து வந்தால் நாங்கள் தப்பாக நினைப்பதில்லை. மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராயக் கேரளத்தில் 2017-இல் அமைத்த ஹேமா கமிட்டியின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளிவந்தபோது இங்கே பலர் அது அடுத்த வீட்டுச் சங்கதி என்பதுபோல் பேசினார்கள். அப்படி இல்லை என்பது இங்கே வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில் மாவட்ட அளவில் உள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். ஒருநாள் வேலைக்கு வந்தவருக்கும் இது பொருந்தும்.

சம்பளம் எவ்வளவு சின்னதானாலும் எழுத்தில் வாங்குங்கள். எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு, பேட்டா (தினப்படி) தனியா சேர்த்தா, டப்பிங் இதில் அடக்கமா. ஒப்பந்தம் போடவில்லை என்றால் வாட்ஸ்அப்பிலாவது, "அண்ணே, நீங்க சொன்ன மாதிரி மூணு நாள், இவ்வளவு, சரிதானே?" என்று கேட்டு "ஆமா" என்ற பதிலை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் வழக்கத்தில் பாக்கி டப்பிங் சமயத்தில்தான் செட்டில் ஆகும். டப்பிங் முடிந்த பிறகு கேட்டால் மேனேஜர் போனை எடுக்கவே மாட்டார். அதற்காக மைக் முன்னால் நின்று சண்டை போட வேண்டாம். டப்பிங் தேதி சொன்ன அன்றே, "வர்றேன்ணே, பேலன்ஸ் அன்னிக்கே வாங்கிக்கலாமா?" என்று கேட்டுவிடுங்கள். வருடத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் வரி பிடித்துத்தான் கொடுக்கும். வருமானம் குறைவு என்றால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் அது திரும்பி வரும். எனக்குத் தெரிந்த ஒரு குணச்சித்திர நடிகர் மூன்று வருடம் அதைக் கேட்காமலே விட்டுவிட்டார், அவருடைய இரண்டு மாத வாடகை அது.

வேலை இல்லாத மாதங்கள் வரும், எல்லாருக்கும். விக்ரமின் முதல் படம் 1990-இல். 'சேது' வந்தது 1999 டிசம்பரில். நடுவில் அஜித்துக்கும் பிரபுதேவாவுக்கும் குரல் கொடுத்தவர் அவர். எம்.எஸ்.பாஸ்கரும் டப்பிங்கில் வருடக்கணக்காக இருந்தவர். 2025-இல் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அவருக்கு அறிவிக்கப்பட்டபோது எங்கள் டப்பிங் தியேட்டர் ஆட்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்தார்கள். தொழிலுக்குப் பக்கத்திலேயே ஒரு வருமானம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் எந்த வேலையும் நல்ல வேலைதான். வாடகை பாக்கி இருக்கிற முகம் ஆடிஷனில் தெரிந்துவிடுகிறது. கதாபாத்திரத்தைவிட அந்தப் பதற்றம்தான் முன்னால் வந்து நிற்கும்.

போன வாரம் அந்தக் காவலாளித் தம்பிக்குப் போன் செய்தேன். இந்தக் கட்டுரையில் அவரைப் பற்றி எழுதலாமா என்று கேட்கத்தான். இப்போது சீரியலில் சின்னச் சின்ன வேடம் செய்கிறாராம். அன்றைக்கு நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"நான் இடதுகைக்காரன்ணே. மாஸ்டர்ல ப்ராப்பர்ட்டி அண்ணன் டம்ளர வலது கைல குடுத்தாரு, நானும் வாங்கிட்டேன். அதுல ஒரு விஷயம் இருக்குன்னே தெரியாது."

எங்களில் ஒருவராவது அன்றைக்கு அவரைத் தனியே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போனை வைத்துவிட்டு எக்செல் ஷீட்டைத் திறந்தேன். அவர் பெயருக்கு நேரே நான்கு வருடத்துக்கு முன் நான் போட்ட ஒரு கேள்விக்குறி இருந்தது. அதை அழித்துவிட்டு "இடது கை" என்று எழுதினேன். அடுத்த மாதம் ஒரு டைலர் வேடத்துக்கு ஆடிஷன் இருக்கிறது, வரச் சொல்லியிருக்கிறேன்.