இன்சுலினை நிறுத்த வைத்த பிரசங்கம்

எங்கள் சபையைச் சேர்ந்த, ஐம்பது வயதைக் கடந்த ஒரு தாயார், 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்குச் சிகிச்சை பெற்று வந்தவர், வெளியூரில் நடந்த மூன்று நாள் சுகமளிக்கும் கூட்டத்திற்குப் போய்விட்டுத் திரும்பிய மறுநாளே இன்சுலினை நிறுத்திவிட்டார். "விசுவாசித்தவனுக்கு ஊசி எதற்கு?" என்று மேடையில் கேட்கப்பட்ட கேள்வியே அதற்குக் காரணம் என்பது, காலில் பட்ட சிறு காயம் புண்ணாகி, இரண்டு விரல்களை அகற்ற வேண்டி வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. மருத்துவமனையில் அவர் கட்டிலருகே நின்றபோது அவர் கேட்டது விரல்களைப் பற்றியல்ல. "ஐயா, எனக்கு விசுவாசம் பத்தலையோ?" என்றார்.

உபதேசம் என்றால் வேதாகமக் கல்லூரியில் படித்தவர்கள் தங்களுக்குள் வாதிட்டுக்கொள்ளும் விஷயம் என்று நம் சபைகளில் பலர் எண்ணுகிறார்கள். தவறான உபதேசம் கடைசியில் வந்து நிற்கும் இடம் இப்படிப்பட்ட கட்டில்தான் என்பதை ஆயராகப் பணிசெய்கிற எவரும் அறிவார். வாக்களித்தவர் அடுத்த ஊர் மேடைக்குப் போய்விடுகிறார்; வாக்கு நிறைவேறாத பழியை நோயாளி தன் விசுவாசத்தின்மேல் போட்டுக்கொள்கிறார்.

அந்தக் கூட்டத்தில் சொல்லப்பட்ட வசனம் நாம் எல்லோரும் மனப்பாடமாக அறிந்ததே: "அவருடைய தழும்புகளால் குணமானீர்கள்." 1 பேதுரு 2:24-இன் கடைசி வாக்கியம் இது. அதே வசனத்தின் முன்பகுதி, கிறிஸ்து நம்முடைய பாவங்களைச் சிலுவையின்மேல் சுமந்ததையும், நாம் பாவங்களுக்குச் செத்து நீதிக்குப் பிழைப்பதையும் பேசுகிறது. அடுத்த வசனமோ சிதறுண்ட ஆடுகள் மேய்ப்பரிடம் திரும்பியதைச் சொல்கிறது. ஆகவே பேதுரு இங்கே பேசுகிற குணம் எது என்பதில் குழப்பத்திற்கு இடமில்லை. பேதுரு இங்கே எடுத்தாளுகிற ஏசாயா 53-ஐ நோய்களோடு இணைத்துச் சொல்கிற மத்தேயு 8:17-உம் வேதத்தில் இருக்கிறது என்பதை நான் மறைக்கவில்லை. கர்த்தர் இன்றும் சுகமாக்குகிறார் என்று விசுவாசித்துத்தான் நானும் நோயாளிகளுக்காக ஜெபிக்கிறேன். ஆனால் "சுகமாக்க வல்லவர்" என்பதற்கும் "இன்றிரவே சுகமாக்கியாக வேண்டும், இல்லையென்றால் குறை உன்னிடத்தில்" என்பதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தில்தான் அந்தத் தாயார் தம் விரல்களை இழந்தார்.

'ஆரோக்கியமான உபதேசம்' என்ற சொற்றொடர் தீமோத்தேயுவுக்கும் தீத்துவுக்கும் எழுதப்பட்ட நிருபங்களில் வருகிறது. உடல்நலத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே அங்கே உபதேசத்திற்கு அடைமொழியாக நிற்கிறது. நம் தமிழ் வேதாகமம் அதை 'ஆரோக்கியமான' என்றே தந்திருப்பது எனக்கு எப்போதும் மனநிறைவு தருகிறது. இந்த நிருபங்களிலேயே நோயாளிகளும் இருக்கிறார்கள் என்பதை நாம் கவனிப்பதில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்காகவும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்காகவும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி பவுல் எழுதுகிறார் (1 தீமோத்தேயு 5:23). உன் விசுவாசம் குறைவு என்று அவர் கடிந்துகொள்ளவில்லை. ஜனங்கள் செவித்தினவுள்ளவர்களாகித் தங்கள் இச்சைக்கேற்ற போதகர்களைச் சேர்த்துக்கொள்ளும் காலம் வரும் என்று எச்சரிக்கிற 2 தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்திலேயே, தம்மோடு பயணம்செய்த துரோப்பீமுவை மிலேத்து பட்டணத்தில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்ததாக அவர் எழுதுகிறார்.

புத்தாண்டு ஆராதனையில், ஆளுக்கொரு வசனமாக நாம் எடுக்கும் வாக்குத்தத்த அட்டைகளிலும் இதே ஆபத்து சிறிய அளவில் உண்டு. கர்த்தர் நம்மேல் நினைத்திருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று சொல்கிற எரேமியா 29:11 அதிகம் பேர் விரும்பும் அட்டை. அதற்கு முந்தைய வசனம் பாபிலோனில் 70 வருஷம் நிறைவேற வேண்டும் என்கிறது. இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று அறிவித்த அனனியாவைப் பொய்த் தீர்க்கதரிசி என்று முந்தின அதிகாரம் காட்டுகிறது. அந்த 70 வருஷத்துக்கும் அனனியாவைப் பற்றிய எச்சரிப்புக்கும் அட்டையில் இடமில்லை.

திருநெல்வேலிச் சீமையின் கிராமச் சபைகளை முற்காலத்தில் நடத்தியவரை 'உபதேசியார்' என்றே அழைத்தார்கள். உபதேசம் செய்வதே அவருடைய பெயராக இருந்தது. வினாவிடை நூலை வைத்துக்கொண்டு, எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் அவர் வாய்ப்பாடமாகக் கற்பித்தார். இன்று, திருவிருந்தில் பங்குபெற ஆயத்தப்படுத்தும் நம் திடப்படுத்தல் வகுப்பு சில வாரங்களில் முடிந்துவிடுகிறது. மற்றதை யூடியூப் கற்பிக்கிறது. இதில் என் பங்கும் உண்டு. ஆசீர்வாதத்தைப் பற்றிப் பல பிரசங்கங்கள் செய்த நான், துரோப்பீமுவைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

ஆகையால் இப்போது சபையாரிடம் வெளிப்படையாகவே சொல்கிறேன்: எந்த ஊழியர் சொன்னாலும், நான் சொன்னாலும், மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்தாதீர்கள், சுகமாகிவிட்டதாக நம்பினால் பரிசோதனை செய்து பாருங்கள், உண்மையான அற்புதம் பரிசோதனைக்குப் பயப்படாது. பெரோயா பட்டணத்தார் பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் (அப்போஸ்தலர் 17:11), அதற்காகப் பாராட்டும் பெற்றார்கள். புதன்கிழமை வேதபாடத்தில் ஒற்றை வசனங்களை விட்டுவிட்டு, ஒரு நிருபத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்கத் தொடங்கியிருக்கிறோம்.

முதலில் எடுத்தது இரண்டாம் தீமோத்தேயு. கடைசி அதிகாரத்தின் முடிவை வாசித்த அன்று, அந்தத் தாயார் கைத்தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டுக் கேட்டார்: "அந்தத் துரோப்பீமு அப்புறம் சுகமானாரா, ஐயா?"

"அதற்குப் பிறகு அவரைப் பற்றி வேதத்தில் ஒன்றும் எழுதப்படவில்லை, அம்மா" என்றேன். அவர் அந்த வசனத்தின் கீழே பென்சிலால் கோடிட்டுக்கொண்டார்.