ஸ்டாம்ப் ஆக்ட்: தபால் தலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை

ஸ்டாம்ப் என்றதும் கடித உறையின் மூலையில் ஒட்டுகிற துண்டுதான் நம் நினைவுக்கு வருகிறது. அதனால் அமெரிக்கப் புரட்சியைப் பற்றி எழுதும்போது 1765ஆம் ஆண்டின் ஸ்டாம்ப் ஆக்டைத் ‘தபால் தலைச் சட்டம்’ என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. படிப்பவருக்கு அப்புறம் ஒரு சந்தேகம் வரும்: கடிதத்துக்கு நாலு காசு கூடுதலாகக் கேட்டதற்கா ஒரு நாடே பிரிந்து போனது? கேட்டது கடிதத்துக்கு அல்ல. பத்திரம், செய்தித்தாள் போன்றவற்றுக்கு முத்திரை வரி கட்டு என்று பிரிட்டன் தன் அமெரிக்கக் காலனிகளிடம் கேட்டது. முதல் தபால் தலையான பென்னி பிளாக் இங்கிலாந்தில் வெளிவந்ததே 1840 மே மாதத்தில்தான், இந்தச் சட்டம் வந்து 75 ஆண்டுகள் கழித்து.

ஸ்டாம்ப் என்ற சொல்லின் வேர் பழைய ஜெர்மானிய மொழிகளில் இருக்கிறது. இடித்தல், குத்துதல், மிதித்தல் என்பவை அதன் முதற்பொருள். அச்சுக்கட்டையை ஓங்கிக் குத்திக் குறி பதிப்பது அடுத்து வந்த பொருள். பிறகு பதிந்த குறிக்கே அது பெயரானது. அந்தக் குறியைப் போட்டுத்தர அரசு வாங்கும் வரிக்கும் ஆகிவந்தது. முத்திரையிட்ட தாளில் எழுதினால்தான் பத்திரம் செல்லும் என்ற ஏற்பாட்டை ஹாலந்து 1624இல் கொண்டுவந்தது. இங்கிலாந்து அதை 1694இல் எடுத்துக்கொண்டது.

தீர்வை வாங்கியதற்கு அடையாளமாகக் குறி பதிப்பது நமக்கும் பழைய சங்கதிதான். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் உல்கு (சுங்கம்) வாங்குவோர் பண்டங்களின்மேல் சோழரின் புலிச் சின்னத்தைப் பதித்து வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்துப் புறம் போக்கி’ என்கிறது. ஸ்டாம்ப் என்பதற்கு வினைச்சொல் வேண்டுமென்றால் ‘பொறி’ கச்சிதமாகப் பொருந்தும். பெயர்ச்சொல்லாக வழக்கில் நின்றது வடமொழி வழி வந்த ‘முத்திரை’.

சரி, 1765க்கு வருவோம். பிரான்சோடு நடந்த ஏழாண்டுப் போர் 1763இல் முடிந்தபோது பிரிட்டன் வென்றிருந்தது. கடன் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. அமெரிக்காவில் நிறுத்தி வைத்த படைக்கான செலவில் ஒரு பங்கை அங்குள்ள காலனிகளே தரட்டும் என்று பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் நினைத்தார். மார்ச் 22 அன்று சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. நவம்பர் 1 முதல் நடைமுறை. எதிர்பார்த்த வருமானம் ஆண்டுக்கு 60,000 பவுண்டுதான்.

லண்டனிலேயே முத்திரை பதித்த தாள்கள் கப்பலில் வரும். நீதிமன்ற மனு, நிலப்பத்திரம், மதுக்கடை உரிமம் எல்லாவற்றையும் அந்தத் தாளில்தான் எழுத வேண்டும். பத்திரங்களுக்கான முத்திரை மையில்லாமல் அழுத்திப் புடைக்கவைத்தது. தோல்தாளில் அது நிற்காது என்பதால் நீலத் தாள் துண்டில் பதித்து, அதைத் தோல்தாளில் ஒட்டி, உலோகத் தகட்டால் பிணைத்துக் கொடுத்தார்கள். செய்தித்தாளுக்கு ஒரு முழுத்தாளுக்கு ஒரு பென்னி, அதில் வரும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 2 ஷில்லிங். சீட்டுக்கட்டுக்கு 1 ஷில்லிங், பகடை ஒரு ஜோடிக்கு 10 ஷில்லிங், பட்டச் சான்றிதழுக்கு 2 பவுண்டு. இதையும் தட்டுப்பாடாயிருந்த பிரிட்டிஷ் ஸ்டெர்லிங் பணத்தில் கட்ட வேண்டும். ஏய்ப்பு வழக்குகளை ஜூரி இல்லாத கடல்வழக்கு நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் சட்டம் வழி செய்தது.

கிரென்வில் வேறெதில் கோட்டை விட்டாரோ இல்லையோ, வழக்கறிஞர், அச்சகக்காரர், மதுக்கடைக்காரர் மூவரையும் ஒரே சட்டத்தில் சீண்டினார். வாதாடுகிறவர், அதை அச்சடிக்கிறவர், அதைப் படித்துப் பேச இடம் கொடுக்கிறவர். இந்தக் கூட்டணியைப் பகைத்துக்கொண்டு எந்த அரசுதான் நிம்மதியாக வரி வசூலித்தது? சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முந்தைய நாள் ‘பென்சில்வேனியா ஜர்னல்’ தன் முதல் பக்கத்தையே கல்லறைக் கல்லின் வடிவில், மண்டையோடு போட்டு அச்சடித்தது.

இங்கிலாந்தில் இருந்தவர்கள் இத்தகைய வரியை ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். தொகையும் பெரிதல்ல. காலனிக்காரர்கள் கேட்டது வேறு: நாங்கள் ஆள் அனுப்பாத நாடாளுமன்றம் எங்கள் பையில் கையை விடலாமா? மான்செஸ்டருக்கும் பர்மிங்காமுக்கும்கூடத்தான் தனி உறுப்பினர் இல்லை, நாடாளுமன்றம் எல்லோருக்காகவும்தான் பேசுகிறது என்று லண்டன் பதில் சொன்னது. அந்தப் பதில் கடல் தாண்டி எடுபடவில்லை. வணிகத்தை ஒழுங்குபடுத்தத் துறைமுகத்தில் வாங்கும் சுங்கத்தை முணுமுணுத்துக்கொண்டே பொறுத்தவர்களுக்கு, வீட்டுக்குள் எழுதும் தாளுக்கே வரி என்றது தாங்கவில்லை.

1765 மே மாதம் வர்ஜீனியா சட்டமன்றத்தில் பேட்ரிக் ஹென்றி எதிர்ப்புத் தீர்மானங்களைக் கொண்டுவந்தார். ஆகஸ்ட் 14 அன்று பாஸ்டனில், முத்திரைத்தாள் விநியோகிக்க நியமனமான ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி மரத்தில் தொங்கியது. பன்னிரண்டு நாள் கழித்து துணை ஆளுநர் தாமஸ் ஹட்சின்சனின் வீட்டைக் கும்பல் சூறையாடியது. அக்டோபரில் ஒன்பது காலனிகளின் பிரதிநிதிகள் நியூயார்க்கில் கூடினார்கள். ஸ்டாம்ப் ஆக்ட் காங்கிரஸ் என்பது இந்தக் கூட்டம்தான். தனித்தனியே கிடந்த காலனிகள் லண்டனை எதிர்த்துச் சேர்ந்து உட்கார்ந்தது இங்கேதான் தொடங்குகிறது. விநியோகிப்பாளர்கள் அநேகமாக எல்லோரும் நவம்பருக்குள் பதவி விலகிவிட்டார்கள். பெஞ்சமின் பிராங்க்ளினே இதை முன்கூட்டிக் கணிக்கவில்லை. பென்சில்வேனியா காலனியின் பிரதிநிதியாக லண்டனில் இருந்த அவர், அந்தக் காலனியின் விநியோகிப்பாளர் வேலைக்குத் தன் நண்பர் ஒருவரைப் பரிந்துரை செய்திருந்தார்!

காலனி வணிகர்கள் பிரிட்டிஷ் சரக்கு வேண்டாம் என்றதும் லண்டன் வணிகர்களே சட்டத்தை நீக்கச் சொல்லி மனுப் போட்டார்கள். 1766 மார்ச் 18 அன்று சட்டம் நீங்கியது. அதே நாளில் இன்னொரு சட்டமும் வந்தது: எந்த விஷயத்திலும் காலனிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் செய்ய நாடாளுமன்றத்துக்கு முழு அதிகாரம் உண்டு என்ற பிரகடனம். என் கணிப்பில் புரட்சிக்கு உண்மையில் வித்திட்டது முத்திரை வரியைவிட இந்தப் பிரகடனம்தான். அதன் பலத்தில்தான் 1767இல் கண்ணாடி, ஈயம், சாயம், தாள், தேயிலை மீது, நிதியமைச்சர் டவுன்செண்டின் பெயரால் வழங்கும் டவுன்செண்ட் வரிகள் வந்தன. தேயிலை தவிர மற்றவற்றை 1770இல் விலக்கினார்கள். 1773 டிசம்பர் 16 அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் 342 தேயிலைப் பெட்டிகளைக் காலனிக்காரர்கள் பாஸ்டன் துறைமுகத்து நீரில் எறிந்தார்கள். அதற்குத் தண்டனையாகத் துறைமுகத்தையே மூடினார்கள். 1775 ஏப்ரலில் பாஸ்டனுக்கு அருகே லெக்சிங்டனில் துப்பாக்கி வெடித்துப் போர் தொடங்கியது. 1776 ஜூலை 4 விடுதலைப் பிரகடனத்தின் குறைப் பட்டியலில் ‘எங்கள் ஒப்புதலின்றி வரி’ என்பது ஒரே ஒரு வாசகம்தான். அதற்கு அடுத்த வாசகம் ஜூரி விசாரணையைப் பறித்தது பற்றியது.

இனி தமிழ்ப் பெயர். ‘முத்திரைச் சட்டம்’ தவறில்லை, ஆனால் இலங்கையில் முத்திரை என்றால் தபால் தலை. அங்கே பழைய குழப்பம் திரும்ப வரும். ‘முத்திரைத்தாள் சட்டம்’ இன்னும் தெளிவு. ஆனால் சீட்டுக்கட்டும் பகடையும் தாளுக்குள் அடங்கவில்லை. நமது பதிவு அலுவலகங்களில் ஸ்டாம்ப் டியூட்டிக்கு வழங்கும் ‘முத்திரைத் தீர்வை’ என்ற சொல்லே இதற்கு ஏற்றது: முத்திரைத் தீர்வைச் சட்டம், 1765. ஸ்டாம்ப் ஆக்ட் காங்கிரஸ் என்பதை ‘முத்திரைத் தீர்வை எதிர்ப்பு மாநாடு’ என்றால் பொருள் விளங்கும். ‘எதிர்ப்பு’ மூலத்தில் இல்லாவிட்டாலும் தமிழில் தேவைப்படுகிறது.

ஆண்டை விடாமல் சேர்த்து எழுதுங்கள். ஏனென்றால் விடுதலை பெற்ற அமெரிக்காவின் காங்கிரசே 1797இல் சொந்தமாக ஒரு முத்திரைத் தீர்வைச் சட்டம் போட்டது. தாங்களே தேர்ந்தெடுத்த ஆட்கள் போட்ட வரிதான். ஆனாலும் மக்களுக்குப் பிடிக்கவில்லை. அதிபர் ஜெஃபர்சன் ஆட்சியில், 1802இல், அதையும் எடுத்துவிட்டார்கள்.