2 நிமிடத்தில் முடிந்துபோன குளோனிங்

நேற்று வந்ததையும் சேர்த்தால் இந்த மாதம் இது நான்காவது லேப்டாப். நாலுக்கும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்: ஹார்ட் டிஸ்க் ஆமை வேகத்தில் ஓடுகிறதென்று எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வேகமான டிஸ்க்) வாங்குகிறார்கள், ஒரு வீடியோ பார்க்கிறார்கள், பழைய டிஸ்க்கை அப்படியே புதியதில் நகலெடுத்து (இதுதான் குளோனிங்) விண்டோஸைத் தாங்களே மாற்றப் போய் மாட்டிக்கொள்கிறார்கள். நேற்று வந்தவர் ஆய்வு மாணவர். "குளோனிங் 2 நிமிஷத்துல முடிஞ்சுதுண்ணா, எஸ்எஸ்டின்னா இவ்ளோ வேகமான்னு சந்தோஷப்பட்டேன்" என்றார். எனக்கு அப்போதே வயிற்றைக் கலக்கியது. பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 100 எம்பி கொடுத்தால்கூட 300 ஜிபி நகர 50 நிமிடம் ஆகுமே! நடந்தது இதுதான்: ஃபார்மேட் செய்து காலியாக வைத்திருந்த புது எஸ்எஸ்டியை, நான்கு வருட உழைப்பு இருந்த பழைய டிஸ்க்கின் மேல் குளோன் செய்துவிட்டார். காலி டிஸ்க்கை நகல் எடுக்க 2 நிமிடம் போதும்தான்.

அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பெரும்பாலானதை மீட்டிருக்கலாம். லேப்டாப் பூட் ஆகவில்லை என்றதும், விண்டோஸைத் திரும்பப் போட்டால் எல்லாம் வந்துவிடும் என்று நினைத்து அதே பழைய டிஸ்க்கில் புதிதாக விண்டோஸும் போட்டிருக்கிறார்.

திசை மாறிப்போவதற்காக நான் யாரையும் திட்டுவதில்லை. அந்தத் திரையைப் பார்த்தால் உங்களுக்கே புரியும். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று இரண்டு வரி இருக்கும், பழையதும் 500 ஜிபி, புதியதும் 500 ஜிபி என்றால் இரண்டுக்கும் நேராக 465 ஜிபி என்றே காட்டும். அதனால் டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பாருங்கள், எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். இன்னும் நல்லது, ஆரம்பிக்கும் முன்பே சி டிரைவின் பெயரை 'பழசு' என்று மாற்றி வைத்துவிடுங்கள்.

நான் திட்டுவது வேறொன்றுக்கு. "பேக்கப் எங்கே?" என்று கேட்டால் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள்: "குளோன்தானே எடுக்கிறேன், அதுவே பேக்கப்தானே?" இல்லைங்க. குளோன் என்பது வீடு மாற்றுவது மாதிரி, வண்டியில் சாமான் ஏறியிருக்கும்போது உங்களிடம் இரண்டு வீட்டுச் சாமான் இருப்பதில்லை. குளோன் ஓடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரமும் உங்கள் கோப்புகளுக்கு ஒரே ஒரு முழுப் பிரதிதான் உண்டு, அதுவும் இருப்பதிலேயே களைத்துப்போன டிஸ்க்கில். அந்த டிஸ்க்கைத்தான் முதல் ஓரத்திலிருந்து கடைசி ஓரம்வரை ஒரே மூச்சில் படிக்க வைக்கிறீர்கள். பழையதில் சிதைந்த கோப்பு இருந்தால் அதுவும் சிதைந்தபடியே புதியதற்கு வரும், வைரஸ் இருந்தால் அதுவும் கூடவே வரும். சரி, குளோன் நல்லபடியாக முடிந்தது, இப்போதாவது இரண்டு பிரதி இருக்கிறதா என்றால், அன்று இரவே பழைய டிஸ்க்கை ஃபார்மேட் செய்து பென்டிரைவ் மாதிரி பயன்படுத்தக் கிளம்பிவிடுகிறார்கள்! போன வாரம் ஒருவர் அப்படித்தான் செய்தார். அவர் குளோன் எடுத்தது சி டிரைவை மட்டும். குழந்தையின் படங்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன.

ஆகவே, தயவுசெய்து, லேப்டாப்பின் ஒரு ஸ்க்ரூவைத் தொடும் முன் முக்கியமான கோப்புகளை மூன்றாவது ஓரிடத்தில் போட்டு வையுங்கள். அதன் பிறகு என்ன சொதப்பினாலும் நாம் சிரித்துக்கொண்டே பேசலாம். பழைய டிஸ்க்கை இரண்டு வாரமாவது தொடாமல் உறையில் போட்டு வைக்க வேண்டும்.

டிஸ்க்கிலிருந்து டக் டக் என்று சத்தம் வந்தாலோ, டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருள் மஞ்சள் காட்டினாலோ குளோன் பக்கமே போகாதீர்கள், முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்.

அப்புறம் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. "நான் அதெல்லாம் ஆன் பண்ணவே இல்லை" என்பார்கள், நம்புகிறேன், நீங்கள் பண்ணியிருக்க மாட்டீர்கள். விண்டோஸ் 11-ஐ நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல லேப்டாப்களில் அதுவே ஆன் ஆகிக்கொள்கிறது. டிஸ்க் மாறியதும் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு நிற்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முன்கூட்டியே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள், அதே லேப்டாப்பின் டெஸ்க்டாப்பில் சேமித்து வைக்காதீர்கள் (சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்). குளோன் எடுக்கும் முன் பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்தி வைப்பதும் நல்லது.

வாங்கும் முன் லேப்டாப்பில் என்ன ஸ்லாட் என்று பாருங்கள். எம்.2 என்று எழுதியிருந்தாலே போதாது, அது ஸ்லாட்டின் வடிவம் மட்டும்தான், அதற்குள் சாட்டா, என்விஎம்இ என்று இரண்டு இணைப்பு முறைகள் உண்டு. சாட்டா மட்டும் ஏற்கும் எம்.2 ஸ்லாட்டில் என்விஎம்இ எஸ்எஸ்டி வேலை செய்யாது. கழற்றும்போது முதலில் பேட்டரி கனெக்டரை எடுத்துவிடுங்கள். குளோன் முடிந்தபின் முதல் முறை பூட் செய்வதைப் பழைய டிஸ்க் இல்லாமல், புதியதை மட்டும் வைத்துச் செய்யுங்கள், இல்லாவிட்டால் எது எதிலிருந்து பூட் ஆகிறதென்று தெரியாமல் பழையதிலேயே இன்னும் ஒரு மாதம் வேலை செய்துகொண்டிருப்பீர்கள்.

என்னைக் கேட்டால், ஐந்து வருடக் குப்பை சேர்ந்த விண்டோஸைக் குளோன் எடுப்பதைவிடப் புது எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவுவதே மேல். லேப்டாப்போடு வந்த விண்டோஸ் உரிமம் மதர்போர்டோடு ஒட்டியது, அதே பதிப்பைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். பழைய டிஸ்க்கில் கை வைக்கவே தேவையில்லை என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

அந்த மாணவரின் டிஸ்க்கை ராத்திரி முழுக்க ஸ்கேன் செய்ததில் சில ஆயிரம் வேர்டு கோப்புகள் கிடைத்தன, ஒன்றுக்கும் பெயர் இல்லை, தேதி இல்லை. காலையிலிருந்து என் எதிரே உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து மூன்றாம் அத்தியாயத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.