சந்தா, சந்தாதாரர், கையொப்பக்காரர்

பத்திரிகை, சங்கம், சேவை எதுவானாலும் குறிப்பிட்ட காலத்துக்கு முன்கூட்டியே கட்டும் தொகையைச் சந்தா என்கிறோம். பாரசீகத்தில் ‘சந்த்’ என்றால் ‘சில’, ‘எத்தனை’. அதிலிருந்து பிறந்த ‘சந்தா’ உருதுவிலும் இந்தியிலும் பலர் கூடிப் போடும் பணத்தைக் குறிக்கும். நன்கொடை வசூலும் அதில் அடக்கம். தமிழில் நன்கொடைப் பொருள் பெரும்பாலும் உதிர்ந்துவிட்டது. ‘சந்தாதாரர்’ என்பதில் ஒட்டியிருக்கும் ‘தார்’ பாரசீக விகுதி. ஜமீன்தாரிலும் பட்டாதாரரிலும் இருப்பது அதுவேதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுலகில் இதற்குத் தமிழில் வேறொரு சொல் வழங்கியது: கையொப்பம். நூல் அச்சேறும் முன்பே ‘ஒரு பிரதி எனக்கு’ என்று பெயரெழுதி ஒப்பமிட்டவர் கையொப்பக்காரர். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் இப்படிக் கையொப்பம் சேர்த்துத்தான். ‘சப்ஸ்கிரிப்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கும் ‘கீழே எழுது’ என்பதே பொருள். பெயர்ப்பு அத்தனை கச்சிதம். இருந்தும் சந்தாதான் நிலைத்தது.

தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு இந்த ஏற்பாடு பழக்கமானதே. பி. எஸ். ஐயர் 1908இல் டர்பனில் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ ஆங்கிலத்தோடு தமிழிலும் வந்தது. அதற்கு முன் 1903 ஜூனில் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளில் வந்து, 1906இல் இந்தி, தமிழ்ப் பகுதிகளை நிறுத்திக்கொண்டது. பின்னர் அந்த இதழ் விளம்பரங்களையும் கைவிட்டது. அதன்பிறகு சந்தா வராவிட்டால் இதழும் வராது என்ற நிலை. அங்கே சந்தா என்பது பொருளின் விலையாக மட்டும் இருக்கவில்லை; பலர் கூடிப் போட்ட பணம் என்ற பழைய பொருளும் கூடவே இருந்தது.

மின்னிதழ்ச் சேவைகள் வந்தபின் சொல் அப்படியே இருக்க, பொருள் மாறிவிட்டது. கிரீஷ் ராம்தாஸும் விஜய் ராதாகிருஷ்ணனும் 2011இல் தொடங்கிய மேக்ஸ்டர் முதலில் செய்தித்தாள் கடை போலத்தான் நடந்தது: ஓரிதழ் வாங்கலாம், ஒரு தலைப்புக்கு ஆண்டுச் சந்தா கட்டலாம். பிறகு வந்தது ஒரே கட்டணத்தில் ஆயிரக்கணக்கான இதழ்களைத் திறந்துவிடும் ‘கோல்டு’ திட்டம். இந்த வகைத் திட்டங்களில் பதிப்பாளருக்குப் பங்கு கிடைப்பது பொதுவாக வாசிப்பின் அளவை வைத்துத்தான். தென்னாப்பிரிக்காவில் நியூஸ்24 வேறு வழி பிடித்தது. 2020 ஆகஸ்டில் மாதம் 75 ராண்டு என்று தன் செய்திகளில் ஒரு பகுதிக்கு மட்டும் பூட்டுப் போட்டது. சில ஆண்டுகளில் சந்தாதாரர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது.

அச்சிதழுக்குச் சந்தா கட்டினால் பிரதி வீட்டில் இருக்கும். மின்னிதழில் கிடைப்பது வாசிக்கும் அனுமதி மட்டும். ‘கோல்டு’ போன்ற திட்டங்களில் சந்தா முடிந்தால் தரவிறக்கி வைத்த இதழும் பொதுவாகத் திறக்காது. பதிப்பாளர் சேவையைவிட்டு விலகினால் பழைய இதழ்களும் பட்டியலிலிருந்து மறையலாம். (‘ஆயுள் சந்தா’ கட்டியவர்கள் அது யாருடைய ஆயுள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.)

சிக்கல் அதிகம் வருவது பணத்தில். டாலரில் விலை போடும் சேவைக்கு ராண்டின் ஏற்ற இறக்கத்தோடு வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமும் சேரும். வெளிநாட்டு மின்சேவைகளுக்கு 2014 ஜூன் 1 முதல் தென்னாப்பிரிக்காவில் வாட் (மதிப்புக்கூட்டு வரி) உண்டு. 2018 ஏப்ரலில் அது 14இலிருந்து 15 சதவீதமானது. செயலியை நீக்கினால் சந்தா நிற்காது. செயலி வழியே கட்டியிருந்தால் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கின் சந்தாப் பக்கத்துக்குப் போய் ரத்து செய்ய வேண்டும். ஆப்பிளில் புதுப்பிப்புக்கு 24 மணி நேரத்துக்கு முன்பாகவே செய்தாக வேண்டும். பணம் கட்டியும் ‘சந்தா இல்லை’ என்று வந்தால், பெரும்பாலும் கட்டியது ஒரு மின்னஞ்சலில், நுழைந்தது இன்னொன்றில். வாங்கியதை மீட்டெடுக்கும் பொத்தானை அழுத்திப் பாருங்கள்.

இணையத்தில் வாங்கியதை 7 நாளுக்குள் காரணம் சொல்லாமல் திருப்பலாம் என்று தென்னாப்பிரிக்காவின் 2002ஆம் ஆண்டு மின்பரிவர்த்தனைச் சட்டம் சொல்வதை நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். செய்தித்தாளும் சஞ்சிகையும் அந்தச் சலுகைக்கு வெளியே நிற்கின்றன. தனிநபருக்குக் கைகொடுப்பது 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு. குறித்த கால ஒப்பந்தத்தை 20 வேலைநாள் முன்னறிவிப்புடன் முறிக்க அது இடம் தருகிறது. நியாயமான ரத்துக் கட்டணம் கேட்கப்படலாம்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? யூடியூப் காட்டிய ‘குழுசேர்’ பொருந்தாது. சந்தா கட்டுபவர் எந்தக் குழுவிலும் சேர்வதில்லை. ‘உறுப்பினர் கட்டணம்’ சங்கத்துக்குச் சரி, பத்திரிகைக்கு இல்லை. ‘கையொப்பம்’ என்றால் இன்று யாரும் பேனாவைத்தான் தேடுவார்கள். வீட்டுக்கு வரும் அச்சிதழுக்குச் சந்தா என்றே சொல்லலாம். தூய தமிழ் வேண்டுவோருக்கு ‘ஆண்டுக் கட்டணம்’ உண்டு. அனைத்தையும் வாசிக்கத் திறந்துவிடும் திட்டத்துக்கு ‘வாசிப்புக் கட்டணம்’ பொருத்தம். வாங்குவது இதழையல்ல, வாசிக்கும் அனுமதியை என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.